பழகும் பருவத்துக் கொடுமையும் நம் பெண்மக்களின் உளநலமும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில், பெற்றோர் அரங்கில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் நமக்குப் 'பெண்கல்வியின் இன்றைய தேவைகள்' என்னும் தலைப்பைத் தந்துள்ளனர். இத்தலைப்பில் பேசுவோர் கழிப்பறை, பேருந்து, விடுதி, உதவித்தொகை என்று வரிசைப்படுத்துவது வழக்கம். அவையெல்லாம் தேவையே, நமக்குப் பின் பேசவிருக்கும் நண்பர்கள் அவற்றை விரிவாக எடுத்துரைப்பர். நாம் இன்று எடுத்துக்கொள்வது வேறொன்று. ஓர் இளைஞனோடு பழகுகின்ற நம் பெண், அவனாலேயே அடியும் மிரட்டலும் இழிசொல்லும் பெற்று, அதனை வீட்டிலும் கூறாமல் பள்ளியிலும் கூறாமல் உள்ளுக்குள் நைந்து போகின்றாளே, அதனைப் பற்றியே பேச விரும்புகிறோம். பெற்றோர் அமர்ந்திருக்கும் அரங்கில் இதனைப் பேசலாமா என்று நேற்று மாலை ஒரு பெரியவர் நம்மிடம் வினவினார். பெற்றோர் இல்லாத அரங்கில் பேசிப் பயன் என்ன என்று விடையிறுத்தோம்.

முதற்கண் நம் வட்டாரத்து நிலையை நோக்குவோம். இக்கழகம் தொடங்கிய நாளில் நம் தெருக்களில் பத்தாம் வகுப்பைக் கடந்த பெண்ணைக் காண்பது அரிது. இன்று கல்லூரிப் பேருந்துக்குக் காத்து நிற்கும் நம் பெண்களை அவிநாசிச் சாலையிலும் பல்லடம் சாலையிலும் நாள்தோறும் காண்கிறோம். 2009ஆம் ஆண்டு அருந்ததியர்க்கு வழங்கப்பெற்ற 3 விழுக்காடு உள்ஒதுக்கீடும், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் இதற்குத் துணை நின்றன. பனியன் தொழிலின் பங்கையும் மறைத்தல் கூடாது. இந்திய நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அனுப்பும் இவ்வூரில், செக்கிங்கிலும் கைமடியிலும் பேக்கிங்கிலும் அமர்ந்து சனிக்கிழமைச் சம்பளம் பெற்ற தாய்மாரின் பணமன்றோ இப்பெண்களின் கல்லூரிக் கட்டணமாயிற்று! விடுமுறை நாட்களில் பெண்களும் கம்பெனிக்குச் செல்கின்றனர். அங்கே தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் பக்கத்து மிஷினில் அமர்ந்து தைக்கின்றனர். ஒன்றரை ஷிப்ட் ஒரே கூரையின் கீழ் இருப்போரிடையே பேச்சுப் பழக்கம் உண்டாகும். சிலரிடை அது காதலாகவும் முதிரும். இதனைக் குற்றமென்று நாம் கூறவில்லை. பதினெட்டு, இருபது வயதில் ஒருவர் மீது ஒருவர் அன்பு கொள்வது உலக இயற்கை. அவ்வன்பின் போர்வையில் நடைபெறும் கொடுமையே குற்றமாகும். இவ்விரண்டையும் பிரித்துக் காணத் தெரியாமையே நம் வீடுகளின் பெருந்துன்பம்.

அக்கொடுமை எவ்வாறு தொடங்குகிறது? அடியில் தொடங்குவதில்லை. அக்கறையாகத் தொடங்குகிறது. 'எங்கே இருக்கிறாய், யாருடன் இருக்கிறாய்' என்று மணிக்கு ஒருமுறை கேட்பான். அவள் அதனை அன்பின் மிகுதி எனக் கொள்வாள். பின்னர்க் கைபேசியின் பூட்டுச்சொல்லைக் கேட்பான். இன்ன தோழியுடன் பேசாதே, இன்ன உடையை உடுத்தாதே, லைனில் சூப்பர்வைசரிடம் சிரித்துப் பேசாதே என்பான். சம்பளத்தில் ஒரு பங்கைக் கடனென்று வாங்குவான். ஒருநாள் பலர் காணக் கன்னத்தில் அறைவான். மறுநாள் அழுது காலைப் பிடிப்பான். பரிசு வாங்கி வருவான். பதற்றம் பெருகுதல், வெடித்தல், பின் இரங்கிக் கெஞ்சுதல் என இது சக்கரம்போற் சுழலும் என்பதை அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். எல்லாருடைய வாழ்விலும் அச்சக்கரம் அதே ஒழுங்கில் சுழல்வதில்லை எனப் பின்வந்தோர் கூறியதும் உண்டு. ஆயினும், அவன் கெஞ்சும் அந்த நாட்களே பெண்ணை விலகவிடாமல் கட்டிப்போடுகின்றன என்பது நாம் கண்ணாரக் கண்டது. நம் பிள்ளைகள் இத்தனையையும் 'டார்ச்சர்' என்னும் ஒரே சொல்லால் கூறிவிடுகின்றனர். அச்சொல்லை ஒரு பெண் விளையாட்டாகச் சொன்னாலும் பெரியோர் அதனை விளையாட்டாகக் கேட்டல் கூடாது.

எம் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு பயின்ற ஒரு மாணவியைப் பற்றிக் கூறுதல் வேண்டும். பெயரும் ஊரும் வேண்டா. கணக்கில் முதல் மூவருள் ஒருத்தியாக இருந்தவள். அரையாண்டுத் தேர்வில் திடீரெனத் தாழ்ந்தாள். காலை வழிபாட்டில் இருமுறை மயங்கி வீழ்ந்தாள். வயிற்று வலி என்றாள். மருத்துவர் ஒன்றுமில்லை என்றார். தாய் ஏதோ காற்றுக் கருப்பு அடித்ததென்று மந்திரித்துக் கயிறு கட்டினார். எம் ஆசிரியை ஒருவர் பல நாள் பொறுமையாகப் பேசிய பின்னரே உண்மை வெளிவந்தது. கோடை விடுமுறையில் கம்பெனியில் பழகிய ஒருவன், தன்னிடமுள்ள படங்களை அவள் தந்தைக்கு அனுப்பிவிடுவதாகக் கூறி இரவுதோறும் அச்சுறுத்தி வந்திருக்கிறான். இரவு இரண்டு மணி வரை போர்வைக்குள் கைபேசியுடன் விழித்திருந்த பெண்ணுக்குக் காலையில் மயக்கம் வராமல் வேறென்ன வரும்? பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்கு நேர்ந்த இத்தகைய குற்றம் தம் செவிக்கு வந்தால் ஆசிரியரும் காவல் துறைக்கோ குழந்தைகள் காவல் பிரிவுக்கோ அறிவித்தே ஆகவேண்டும் என்பது 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் கட்டளை. அவ்வாறே அறிவித்தோம். படங்கள் கைப்பற்றப்பட்டன. ஆனால் நாம் கூறவந்தது அதுவன்று. அவ்வாசிரியையிடம் அப்பெண் முதலிற் கேட்டது, 'அவனைப் பிடிப்பார்களா?' என்பதன்று. 'வீட்டில் தெரிந்தால் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவார்களே, டீச்சர்' என்பதே அவள் கூறிய முதற்சொல். அவளுடைய அச்சம் பொய்க்கவில்லை. மாற்றுச் சான்றிதழ் கேட்டுத் தந்தை மூன்றாம் நாளே வந்து நின்றார். அவரை அமர வைத்துப் பேசி, அவருடைய தாயாரையும் வரவழைத்துப் பேசி, அப்பெண்ணை வகுப்பில் மீண்டும் அமர்த்த ஒரு மாதம் ஆயிற்று. அப்பாட்டியின் துணிவே அவளைக் காத்தது. 'பேத்தி என்னடா தப்புச் செய்தாள்?' என்று தம் மகனை எம் அறையிலேயே கேட்டார் அம்மூதாட்டி. அவர் கையெழுத்துப் போடத் தெரியாதவர்.

அன்பிற்குரியோரே, அந்த மாணவியின் முதற்சொல்லில்தான் முழுச் செய்தியும் அடங்கியுள்ளது. அச்சுறுத்துபவனுடைய கையிலுள்ள ஆயுதம் படமன்று, கத்தியுமன்று. 'வீட்டில் சொல்லிவிடுவேன்' என்னும் சொற்களே அவனுடைய ஆயுதம். அதனைக் கூர்தீட்டிக் கொடுப்பவர் யார்? சொன்னால் படிப்பு நிற்கும், கைபேசி பறிபோகும், அடுத்த முகூர்த்தத்தில் அத்தை மகனுக்கோ மாமன் மகனுக்கோ கழுத்தை நீட்ட வேண்டும் என்ற நிலையை வீட்டில் வைத்திருக்கும் நாமே. துன்புற்றவளுக்கே தண்டனை என்பது உறுதியாகத் தெரிந்த வீட்டில் எந்தப் பெண் வாய் திறப்பாள்?

பொள்ளாச்சி நிகழ்ச்சியை நீவிர் அனைவரும் அறிவீர். அது நமக்குத் தொலைவான ஊருமன்று. நட்பாகப் பழகிய இளைஞர்கள் பெண்களைத் தனியிடத்துக்கு அழைத்துச் சென்று வன்கொடுமை செய்து, படமெடுத்து, அப்படத்தைக் காட்டியே மேலும் மேலும் அடிமைப்படுத்தினர். அவ்வாறு ஆண்டுக்கணக்கில் நடந்தது. பலர் துன்புற்றும் எவரும் வெளியே கூறவில்லை. கூறமுடியாதென்ற துணிவிலேயே அவர்கள் அதனைத் தொடர்ந்தனர். 2019 பிப்ரவரியில் பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் தம் குடும்பத்தாரிடம் கூறினார். குடும்பத்தார் அவரை வீட்டில் பூட்டவில்லை. காவல் நிலையத்திற்குச் சென்றனர். அதன் பின் அக்குடும்பம் பட்ட பாடு சிறிதன்று. புகார் கொடுத்ததற்காக அப்பெண்ணின் தமையன் தாக்கப்பட்டார். மறைக்க வேண்டிய அப்பெண்ணின் பெயரைக் காவல் துறையினரே வெளியிட்டனர். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதனைக் கண்டித்து இழப்பீடு வழங்க ஆணையிட்டது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. ஆறாண்டுகள் கழிந்து, 2025 மே 13ஆம் நாள் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. அப்பெண்களுள் ஒருவரேனும் தம் சாட்சியத்திலிருந்து பிறழவில்லை. ஒரு வீடு செவிகொடுத்துக் கேட்டது; அதனால் பல வீட்டுப் பெண்களுக்கு நீதி கிடைத்தது.

இனி, இதன் மறுபுறத்தையும் கூறாவிடின் நம் உரை தவறான கைகளுக்குக் கருவியாகிவிடும். 'பார்த்தீரா, காதல் என்றாலே கேடு' என்று கூறப் பலர் காத்திருக்கின்றனர். அவர்களுக்கு உடுமலைப்பேட்டையை நினைவூட்டுகிறோம். குமரலிங்கத்தைச் சேர்ந்த பட்டியலினத்துப் பொறியியல் மாணவர் சங்கரும், பழனியில் வேறு சாதியிற் பிறந்த கௌசல்யாவும் கல்லூரியில் பழகி 2015ஆம் ஆண்டு திருமணம் செய்துகொண்டனர். 2016 மார்ச்சு 13ஆம் நாள் உடுமலைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கௌசல்யா தலையில் வெட்டுண்டு உயிர் பிழைத்தார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் பெண்ணின் தந்தை உள்ளிட்ட அறுவருக்குத் தூக்குத்தண்டனை விதித்தது. 2020 சூனில் உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, ஏனைய ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. அங்கே கொடுமை காதலித்தவனிடமிருந்து வரவில்லை. காதலைப் பொறாத சாதி வெறியிடமிருந்து வந்தது. நம் பிள்ளைகளின் குருதி அம்மண்ணில் காய்ந்திருக்கையில், நாமே நம் வீட்டுப் பெண்ணின் விருப்பத்திற்கு விலங்கு பூட்டப் புறப்படுவது என்ன நியாயம்? நாம் தடுக்க வேண்டியது காதலையன்று. கன்னத்தில் விழும் அறையை.

சாதி இதில் வேறொரு வழியாகவும் நுழைகிறது. மேற்சாதி இளைஞன் ஒருவன் திருமணம் செய்துகொள்வதாகக் கூறிப் பழகி, பின்னர் 'உன் சாதியை என் வீட்டில் ஏற்கமாட்டார்கள்' என்று கைகழுவுவான். பழகும் போது தெரியாத சாதி, தாலி கட்டும் போது மட்டும் எங்கிருந்து வந்ததோ! ஏமாற்றத்தோடு சாதி இழிவும் சேர்ந்து அப்பெண்ணின் நெஞ்சில் இறங்குகிறது. தன் பிறப்பே குற்றமோ என எண்ணத் தொடங்குகிறாள். இவ்வெண்ணம் சாதாரணக் காதல் தோல்வியினும் ஆழமானது என்பதை உளநல மருத்துவர்களும் நம் ஆசிரியர்களும் உணர்தல் நலம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இவ்வகையில் ஒரு நல்ல கூற்றைச் சேர்த்துள்ளது. நம் பெண் உடலால் எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்தால் அவள் இசைந்தாள் எனக் கொள்ளலாகாது என அச்சட்டம் தெளிவுபடக் கூறுகிறது. மணம் செய்துகொள்ளும் எண்ணமின்றி அவ்வாறு வாக்களித்து உடலுறவு கொள்வது, 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவின்படிக் குற்றம். விருப்பமில்லை என்று கூறிய பின்னரும் பின்தொடர்வதும், கைபேசி வழித் தொடர்வதும் 78ஆம் பிரிவின்படிக் குற்றம். சட்டத்தைப் பற்றி இதற்கு மேல் விரிக்கவில்லை. வழக்கறிஞர் நண்பர் மாலையில் பேசுவார்.

ஆலைக்குள் நிகழ்வதையும் கூறுதல் வேண்டும். 2021 சனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆயத்த ஆடைத் தொழிலாளியான ஜெயஸ்ரீ என்னும் இருபது வயதுத் தலித் பெண் பிணமாகக் கிடந்தார். அவர் பணியாற்றிய ஆலையின் மேற்பார்வையாளர் கொலைக் குற்றத்திற்காகக் கைது செய்யப்பட்டார். அவ்வாலை நம் திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. மேலாளின் தொல்லை பற்றி மகள் முன்னரே கூறியதாகக் குடும்பத்தார் தெரிவித்தனர். தன் லைனில் தனக்கு வேலை பிரித்துக் கொடுப்பவன், ஓவர்டைம் கணக்கை எழுதுபவன், விடுப்புக் கொடுப்பவன் ஆகிய ஒருவனே தன்னை விரும்புவதாகக் கூறினால், அதனை மறுக்கும் உரிமை அப்பெண்ணுக்கு எவ்வளவு உண்டு? அதனைக் காதல் என்று ஊர் கூறும். நாம் அவ்வாறு கூற ஒருப்படோம். அந்தச் சாவுக்குப் பின் தலித் பெண்களே தலைமையேற்று நடத்தும் தொழிற்சங்கம் ஒன்று ஓயாமல் போராடியது. அதன் பயனாக 2022 ஏப்ரலில் அச்சங்கத்திற்கும் அந்நிறுவனத்திற்கும் இடையே 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தாயிற்று. எச். அண்டு எம்., கேப், பி.வி.எச். முதலிய அயல்நாட்டு ஆடை நிறுவனங்களும் அதற்கு உடன்பட்டுத் தனியே கையெழுத்திட்டன. ஒவ்வொரு லைனிலும் தொழிலாளரிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர் ஒருவர் இருந்து, தொல்லை சிறிதாக இருக்கும் போதே கேட்டு எடுத்துரைக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. பெரிய ஆலையில் இது இயலும். நம் தெருவின் கடைசி வீட்டில் நான்கு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்யும் இடத்தில் என்ன செய்வது? பத்துப் பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் இடத்துப் பெண்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் முறையிடலாம் என 2013ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அப்படியொரு குழு உண்டென்பதைக் கைமடிக்கும் பெண்ணிடம் சென்று யார் கூறினர்?

உள்ளத்தின் நிலையைச் சிறிது ஊன்றிப் பார்ப்போம். உலக நலவாழ்வு நிறுவனம் 2024 சூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, இணையுறவில் இருந்த பதின்பருவப் பெண்களில் 24 விழுக்காட்டினர், ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் பேர், இருபது வயதை எட்டுமுன் தம் இணையின் உடல்வழி அல்லது பாலியல் வன்முறையைப் பெற்றவராவர். இணையால் வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கு மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு ஏனையோரினும் ஏறக்குறைய இரு மடங்கு என்று அந்நிறுவனமே 2013இல் கூறியது. தமிழ்நாட்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை பத்தாண்டுகள் ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவு நெஞ்சை நடுங்கச் செய்கிறது. பத்து முதல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோரில் தாமே உயிரை மாய்த்துக்கொண்டோர், ஆண்டுதோறும் ஒரு லட்சம் ஆண்பிள்ளைகளுக்கு 58. ஒரு லட்சம் பெண்பிள்ளைகளுக்கு 148. உலகின் ஏனைய பல நாடுகளில் ஆண்களின் எண்ணிக்கையே மிகுதி. இங்கு மட்டும் ஏன் பெண்பிள்ளைகள் முந்துகின்றனர்? காரணம் பலவாக இருக்கலாம். தன் துயரைச் சொல்ல ஓரிடமின்மையும் அவற்றுள் ஒன்று என்பதில் நமக்கு ஐயமில்லை.

மனச்சோர்வு கண்ணீராக மட்டும் வெளிப்படுவதில்லை. உண்ணாமை, உறங்காமை, காரணமற்ற தலைவலி, தோழியரை விலக்குதல், எரிந்து விழுதல், முன்பு விரும்பியதில் விருப்பமின்மை எனப் பலவாறு தோன்றும். வெயிற்காலத்திலும் முழுக்கைச் சட்டை அணிந்து வரும் மாணவியை எம் ஆசிரியைகள் கூர்ந்து நோக்குவர். கைபேசி ஒலித்ததும் முகம் வெளுப்பவளையும் அவ்வாறே. இவை இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். குலதெய்வக் கோவிலுக்குச் செல்லவேண்டா என்று நாம் கூறவில்லை. சென்று வந்து, மறுநாள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் செல்லுங்கள். 14416 என்னும் எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு உளநலத் தொலைபேசி 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. தமிழில் பேசலாம், கட்டணமில்லை. பெண்களுக்கு 181, சிறார்க்கு 1098. விபரீத முடிவுக்கு முயன்று பிழைத்த பெண்ணை, காவல் வழக்கு வருமென்று அஞ்சி மருத்துவமனையில் பொய் கூறி உடனே வீட்டுக்குக் கொண்டுவருவோர் இன்றும் உளர். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அவ்வாறு முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது, அவர்க்குச் சிகிச்சையளிப்பது அரசின் கடமை என்று கூறுகிறது. ஆகவே மருத்துவரிடம் உண்மையைக் கூறுங்கள்.

மற்றோர் எச்சரிக்கை. பெண் துணிந்து விலகும் நேரமே மிகுந்த ஆபத்துடையது. 2022 அக்டோபர் 13ஆம் நாள் சென்னைப் பரங்கிமலை ரயில் நிலையத்தில், பழக்கத்தை முறித்துக்கொண்ட கல்லூரி மாணவி ஒருவரை அவ்விளைஞன் ஓடிவரும் ரயிலின் முன் தள்ளிக் கொன்றான். 2024 டிசம்பரில் மகளிர் நீதிமன்றம் அவனுக்குத் தூக்குத்தண்டனை விதித்தது. தண்டனையால் அப்பெண் மீண்டு வந்தாளா? 'அவனை விட்டுவிட்டேன்' என்று மகள் கூறும் நாளில் 'நல்லதாயிற்று' என்று பெருமூச்சு விட்டு அமர்ந்துவிடாதீர்கள். அடுத்த சில மாதங்கள் அவள் தனியே வரவும் போகவும் விடாது, அண்ணனோ தோழியோ உடன் செல்லுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். உடன் செல்வது காவலுக்காக, வேவுக்காக அன்று. அவள் அதனை வேறுபடுத்தி அறிவாள்.

இன்னொன்றைக் கூறும்போது சிலர்க்குக் கசக்கும். அச்சுறுத்துபவன் எப்போதும் அயல்சாதிக்காரன், அயலூர்க்காரன் என்று எண்ணி நாம் ஆறுதல் கொள்கிறோம். நம் தெருப் பையனும் அதனைச் செய்கிறான். நம் இரவுப் பாடசாலையில் பயின்ற பையனும் செய்திருக்கிறான். அப்பொழுது பெரியோர் கூடி, 'வெளியே தெரிந்தால் சமுதாயத்திற்குக் கெட்ட பெயர். நமக்குள் பேசி முடித்துக்கொள்வோம்' என்று கூறி, அவனுக்கே அப்பெண்ணை மணம் முடித்து வைப்பர். அடித்தவனிடமே அடிபட்டவளை ஒப்படைத்தல் பேசி முடித்தல் ஆகுமா? அண்ணல் அம்பேத்கர் 1942 சூலையில் நாகபுரியில் கூடிய தாழ்த்தப்பட்ட மகளிர் மாநாட்டில், சமுதாயத்தின் முன்னேற்றத்தைப் பெண்களின் முன்னேற்றத்தைக் கொண்டே தாம் அளப்பதாகக் கூறினார்; பிள்ளைகளின் திருமணத்திற்கு விரையவேண்டா என்றார்; மணமான பெண் கணவனுக்குத் தோழியாகவும் நிகரானவளாகவும் நிற்கவேண்டும், அடிமையாக அன்று என்றார். அவர் படத்திற்கு மாலையிட்டுத்தான் இவ்விழாவைத் தொடங்கினோம். ஆகவே நம் ஆண்பிள்ளைகளிடமும் பேசவேண்டும். 'வேண்டாம்' என்று ஒருத்தி சொன்னால் அது தனக்கு இழிவன்று என்பதை அவன் பதினான்கு வயதிலேயே அறிந்திருத்தல் வேண்டும். திரையில் கதாநாயகன் விடாமல் பின்தொடர்ந்து இறுதியில் வெற்றி பெறுவதை ஆண்டுக்கு ஐம்பது முறை காணும் பையனுக்கு, அதற்கு மாற்றாக நாம் ஒருமுறையேனும் எடுத்துக் கூறினோமா?

போக்சோ சட்டத்தைப் பழிவாங்கும் கருவியாகப் பயன்படுத்துவதும் சரியன்று. ஒருவரை ஒருவர் விரும்பிய இளம் வயதினர் மீது பெற்றோர் சினத்தால் தொடுத்த வழக்குகளும் உள. ஈரோட்டில் தொடுக்கப்பட்ட அத்தகைய வழக்கொன்றை 2021 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்து, இவ்வகைப் பருவ உறவுகளைச் சட்டம் வேறாக நோக்கவேண்டும் என்று கூறியது. வன்முறை உண்டா, அச்சம் உண்டா என்று பெண்ணிடம் கேளுங்கள். அவள் கூறுவதிலிருந்து தொடங்குங்கள்.

இறுதியாக, இக்கழகத்தின் பொதுக்குழுவிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். ஆண்டுதோறும் சூனில் நம் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் பெற்றோரிடம் வருமானச் சான்றும் சாதிச் சான்றும் கேட்கிறோம். இவ்வாண்டு முதல் அவ்விண்ணப்பத்தோடு ஒரு தாளைச் சேர்ப்போம். 'என் மகள் தனக்கு நேர்ந்த எத்துன்பத்தைக் கூறினாலும், அதன் காரணமாக அவள் படிப்பையோ வேலையையோ நிறுத்தமாட்டேன். அவள் இசைவின்றித் திருமணம் பேசமாட்டேன்' என்று தாயும் தந்தையும் அதில் கையொப்பமிடட்டும். ஒரு படி கழகத்தில் இருக்கட்டும். மற்றொரு படி அப்பெண்ணின் கையிலேயே இருக்கட்டும். சட்டப்படி அது செல்லுமா என்று நேற்று இரவு பொருளாளர் கேட்டார். செல்லாது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அவன் 'வீட்டில் சொல்லிவிடுவேன்' என்று எழுதும் போது, தன் புத்தகப் பையில் அத்தாள் இருப்பது அவளுக்கு நினைவு வரும்.

அத்துடன், பெண்கள் விடுதியிலும் மாலை வகுப்பிலும் இவ்வகைச் செய்திகளைக் கேட்பதற்கென்று இரண்டு தாய்மாரை அமர்த்தவேண்டும். படித்தவராக இருத்தல் வேண்டுமென்பதில்லை. கேட்டதை வெளியிற் கூறாதவராக இருத்தல் வேண்டும். முன்னர்க் கூறிய பாட்டியாரை அதற்குக் கேட்டோம், வருவதாக ஒப்புக்கொண்டார். மற்றொருவரை இந்த அரங்கிலிருந்தே பெயர் குறித்துத் தருமாறு வேண்டுகிறோம். தாளின் வரைவு செயலாளரிடம் உள்ளது. திருத்தம் உடையோர் மதிய உணவிற்கு முன் அவரிடம் கொடுக்கலாம்.